பிழையாகப் பாடச் சொன்ன காந்தாரம்

அந்த மனிதர் நடுவிரலை நாக்கில் தொட்டு, எச்சில் பட்ட அந்த விரலால் என் கரும்பலகையில் இருந்த ஒரு புள்ளியைத் தேய்த்து அழித்தார். மேசையில் டஸ்டர் இருந்தது. கை நீட்டினால் எட்டும். மேல் ஸ்தாயி ஸ என்று காட்டுவதற்காக அந்த எழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி அது. “ஏழாம் வகுப்புக்கு இப்ப இது தேவையில்லை டீச்சர்” என்று சொல்லிவிட்டு விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். பலகையில் ஈரமாக ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. அது காய்கிற வரைக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபோது அந்த விரல் நினைவுக்கு வந்து தட்டைத் தள்ளி வைத்தேன்.

அவர் சங்கீதப் பாடத்துக்கு ஆலோசகராகப் பள்ளிக்கூடங்களுக்கு வந்துபோகிறவர். நான் திருகோணமலையில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறேன். என் வகுப்பறை மாடியில் கடைசி அறை. சன்னலைத் திறந்தால் கடற்காற்றோடு டீசல் மணமும் வரும். சன்னலைச் சாத்தினால் பிள்ளைகளின் வியர்வை. இரண்டில் டீசல் பரவாயில்லை என்று திறந்தே வைத்திருப்பேன்.

இந்த வேலைக்கு வந்த நாளில் இருந்து எனக்கு ஒரு விஷயத்தில் தீராத வெறுப்பு உண்டு. புத்தகத்தில் ஸ ரி க ப த என்று சுரங்கள் தாளக் கோடுகளுக்கு நடுவில் ஒரே வரிசையாகப் படுத்துக் கிடக்கும். பிள்ளைகள் அவற்றைக் கொப்பியில் அப்படியே இறக்குவார்கள். எங்கே கமா, எங்கே அரைப்புள்ளி, எங்கே கோடு, எல்லாம் சுத்தமாக இருக்கும். பரீட்சையிலும் அதையே எழுதி நல்ல மார்க்ஸ் எடுப்பார்கள். வாய் திறக்க மாட்டார்கள். சாதாரண தரப் பரீட்சையில் சங்கீதத்துக்கு ஏ எடுத்த பிள்ளை ஒருத்தி என்னைப் பார்க்க வந்திருந்தபோது, ஸ-வைப் பிடித்து அங்கிருந்து நேரே ப-வுக்குப் போ என்றேன். “எழுதிக் காட்டவோ டீச்சர்?” என்று கேட்டாள். அவள் பகிடி விடவில்லை. அப்படித்தான் அவளுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

அதனால் நான் சுரங்களைப் படிக்கட்டாக எழுதுவேன். ஸ கீழே, ரி கொஞ்சம் மேலே, க அதற்கும் மேலே. கோலால் எதைத் தொடுகிறேனோ அதைப் பாட வேண்டும். கோல் தாவினால் குரலும் தாவ வேண்டும். பிறகு நான் வெறும் ‘ஆ’ என்று பாட, அது எந்தச் சுரம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். முதலில் சந்தைபோலச் சத்தம்தான் வந்தது. ஆனால் இரண்டாம் தவணை முடிவதற்குள் அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், முன்பு கேட்டிராத ஒரு வரியைப் பலகையில் எழுதினால் பார்த்தபடியே பாடக்கூடியவர்களாக வந்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி சாம்பல்தீவில் இருந்து காலை பஸ்ஸில் வருகிறவள். தகப்பன் கடலுக்குப் போகிறவர், தாய் வீட்டில் இருந்து உடுப்புத் தைக்கிறவர். கடைசி வரிசை வாங்கில் இருப்பாள். அதிகம் கதைக்க மாட்டாள். ஒருநாள் நாங்கள் பாடிக்கொண்டிருந்தபோது துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. நான் பாட்டை நிறுத்தினேன். அவள் கையை உயர்த்தி, “டீச்சர், அது எங்கட ரி. ஆனா கொஞ்சம் பதிஞ்ச ரி” என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சுருதிப்பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். கப்பல் ஊதியது ரிஷபத்துக்கு ஒரு மயிரிழை கீழேதான் நின்றது.

க என்கிற காந்தாரத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மோகன இராகத்தில் காந்தாரம் உயர்ந்து நிற்கும், பாட்டு மலர்ந்து இருக்கும். அதே காந்தாரத்தை ஒரு படி இறக்கினால் இராகம் சிவரஞ்சனியாகி, பாட்டு அழத் தொடங்கிவிடும். எழுதும்போது இரண்டுமே க தான். எந்தக் க என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது, காதால்தான் தெரிய வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒருநாள் நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாடினேன். அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் சரியாகப் பிரித்துச் சொன்னாள்.

ஆலோசகர் என் வகுப்பைப் பார்க்க வந்தது அப்படி ஒரு காலத்தில்தான். பிள்ளைகள் பாடியதைக் கேட்டார், தலையை ஆட்டினார், புள்ளியை அழித்தார். பிறகு ஆசிரியர் அறைக்கு வந்து அமர்ந்து, பற்றிஸைக் கடித்தபடி தன் திட்டத்தைச் சொன்னார். சுரங்களை வைத்து எப்படிப் படிப்பிப்பது என்று ஒரு முன்மாதிரிப் பாடம் வீடியோவாக எடுக்கப்போகிறார்கள். அதை எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்புவார்கள். அதற்கு என் வகுப்புப் பிள்ளைகள் வேண்டும். படிப்பிக்கிறவர் அவர்.

“படிக்கட்டெல்லாம் வேண்டாம் டீச்சர். புத்தகத்தில இருக்கிற மாதிரிக் கோட்டுக்குள்ள வரட்டும். புதுசா ஒரு வரி எழுதுவன், பிள்ளையள் முதல் தரம் பாக்கிற மாதிரிப் பாடுவினம். இடையில ஒரு பிள்ளை காந்தாரத்தைப் பிழையாப் பாடும். நான் திருத்துவன்.”

“சேர், பிழை விடுறதுக்கு ஏன் ஆள் வைக்க வேணும்? இந்த வகுப்பில பிழை விடுற பிள்ளையள் தாராளமா இருக்கினம். கமராவைப் போட்டுட்டு இருங்கோ, தானா வரும்.”

அவர் சிரித்தார். உதட்டோரத்தில் பற்றிஸ் துகள் ஒட்டியிருந்தது. “அதெல்லாம் அசிங்கமான பிழை டீச்சர். சுருதி ஒரு பக்கம் போகும், தாளம் ஒரு பக்கம் போகும். பாக்கிறவைக்கு ஒண்டும் விளங்காது. எங்களுக்கு வேண்டியது வடிவான பிழை. க மட்டும் இறங்க வேணும், மற்றதெல்லாம் சுத்தமா இருக்க வேணும்.”

“அப்பிடிப் பாட, நல்லாப் பாடுற பிள்ளையாலதான் ஏலும்.”

“அதுதானே சொல்லுறன். அந்தக் கடைசி வாங்கில இருக்கிற பிள்ளையைத் தாங்கோ.”

வகுப்பிலேயே நல்ல காது உள்ளவள் என்பதால்தான் அவளைப் பிழை விடத் தேர்ந்தெடுக்கிறார். நான் மாட்டேன் என்றேன். அவர் அதிபரிடம் போனார். அதிபர் என்னைக் கூப்பிட்டு, “ஒரு பாட்டில ஒரு எழுத்துத்தானே டீச்சர். எங்கட பள்ளிக்கூடத்தின்ர பேர் வெளியில வருது. குழப்பாதேங்கோ” என்றார். ஒத்திகைக்கு நான் நிற்க மாட்டேன் என்று இருவருக்கும் சொன்னேன். “நீங்கள் நிக்கத் தேவையில்லை, அவர் பாத்துக்கொள்ளுவார்” என்றார் அதிபர்.

பிள்ளையைத் தனியே கூப்பிட்டேன். “உனக்கு விருப்பம் இல்லாட்டி ஏலாதெண்டு சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“பரவாயில்லை டீச்சர். வீடியோவில வருவன்தானே. அம்மாவும் பாக்கலாம்.” அவள் முகத்தில் சந்தோசம்தான் இருந்தது. பிழையாகப் பாடுவது அவளுக்கு ஒரு நடிப்பு, அவ்வளவுதான்.

ஒத்திகை என் பாடவேளைகளில்தான் நடந்தது. நான் பக்கத்து அறையில் கொப்பி திருத்திக்கொண்டு இருந்தாலும் எல்லாம் கேட்டது. அவள் வரியைப் பாடி வருவாள். காந்தாரம் வரும்போது, பழகிய இடத்திலேயே குரல் போய் நிற்கும். உடனே மேசையில் அவருடைய மோதிரம் தட்டுகிற சத்தம். “இறக்கு பிள்ளை, இன்னும் இறக்கு.” திரும்பவும் பாடுவாள், திரும்பவும் சரியாக வரும். கடைசியில் அவர் கத்தினார்: “சரியாப் பாடாத எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

ஒரு சங்கீத வகுப்பில் இப்படி ஒரு வசனத்தைக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் எழும்பிப் போய் வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். “வருகுது டீச்சர், கொஞ்சம் கொஞ்சமா வருகுது.”

உண்மையில் வரத்தான் செய்தது. அடுத்த கிழமை என் வகுப்பில் மோகனம் பாடியபோது, அவளுடைய குரல் காந்தாரத்துக்கு முன்னால் தயங்கியது. முன்பு ஓடிப் போய் நின்ற இடத்தில் இப்போது இடம் தேடியது. அவளுக்கே அது விளங்கி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

படம் எடுக்கிற நாளன்று என் படிக்கட்டுகளை அழித்து, வடிவான கையெழுத்து உள்ள ஒருவரைக் கொண்டு கலர் வெண்கட்டியால் கட்டம் போட்டுச் சுரங்களை எழுதியிருந்தார்கள். பிள்ளைகளின் கழுத்தில் அப்பிய பவுடர் வியர்வையில் கரைந்து வரிவரியாக இறங்கியது. ஆலோசகர் பூசிவந்த சென்ற் வாசனை மாடிப்படி வரைக்கும் மணத்தது. சத்தம் வருமென்று சன்னல்களைச் சாத்திவிட்டார்கள். பெரிய லைற்றுகள் இரண்டு. அந்த அறைக்குள் எப்படி மூச்சு விட்டார்களோ தெரியாது. பாடத்தில் ஆசிரியர் ஒருவர்தான் தெரிய வேண்டும் என்று என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் விறாந்தையில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று கீழே மைதானத்துக்குள் வந்து, யாரோ சோறு கட்டி எறிந்த லஞ்ச்சீற்றை மென்றுகொண்டிருந்தது.

பிள்ளைகளின் குரலுக்கு உயர்ந்த சுருதி வேண்டும். அவருக்குத் தாழ்ந்த சுருதி. அவர் தன் சுருதியையே போட்டார். அந்தச் சின்னக் குரல்கள் அடித் தொண்டைக்குள் இறங்கி உறுமின. “அருமை, அருமை” என்றார். ஒருமுறை கப்பல் ஊதிக் கெடுத்தது, ஒருமுறை லைற் நின்றது, ஒருமுறை அவரே வசனத்தை மறந்தார். எல்லாவற்றுக்கும் திரும்பத் திரும்ப அந்தப் பிள்ளை எழும்பி நின்று பிழையாகப் பாடினாள். ஒவ்வொரு தடவையும் அதே அளவு இறக்கம், கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை.

பிறகு அவர் திருத்த வேண்டிய இடம் வந்தது. அவ்வளவு நேரம் கத்திய தொண்டை களைத்துவிட்டது. “கவனமாக் கேளுங்கோ பிள்ளை. இதுதான் சரியான காந்தாரம்” என்று சொல்லிப் பாடினார். அது சரியான காந்தாரம் இல்லை. இறங்கிய காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்கியது. பிள்ளையின் கண்கள் கண்ணாடிப் பக்கம் திரும்பி என்னைத் தேடின. நான் இல்லை என்று தலையை அசைத்தேன். ஆனால் அவளிடம் சொல்லப்பட்டது, சேர் பாடுவதைப் போலப் பாட வேண்டும் என்பதுதான். அவள் அவருடைய அந்தத் தொங்கலையே அப்படியே எடுத்துப் பாடினாள். “மிகச் சரி!” என்றார் அவர். பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தபடி கை தட்டினார்கள்.

வீடியோ பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தில் ஏறியது. அங்கிருந்து பெற்றோர்களின் போன்களுக்குப் போனது. பெரிய வகுப்புப் பொடியன்கள் அவள் விறாந்தையில் நடக்கும்போது ‘க... க...’ என்று தாழ்ந்த குரலில் காகம்போலக் கரையத் தொடங்கினார்கள். இரண்டு பேரைப் பிடித்து அதிபரிடம் கொண்டுபோனேன். நான் திரும்பி வருவதற்குள் வேறு இரண்டு பேர் கரைந்தார்கள்.

ஒருநாள் காலை தாய் அவளையும் கூட்டிக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். இருக்கச் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

“டீச்சர், எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனா இவள் வீட்டில நாள் முழுக்கப் பாடுறவள். ஏன் எல்லாருக்கும் முன்னால பிழை விட்டவள்? கேட்டா, ‘நான்தான் பிழை விட்டனான்’ எண்டு மட்டும் சொல்லுறாள்.”

“இவள் பிழை விடேல்லை அம்மா. அப்பிடிப் பாடச் சொன்னவை.”

“பிழை பாடச் சொன்னவையோ?”

“ஓம்.”

“பிள்ளையிட்டையோ?”

“ஓம்.”

தாய் மகளைப் பார்த்தார். “ஏன்டி இதை என்னட்டச் சொல்லேல்லை?”

“சேர் சொல்லக் கூடாதெண்டவர்” என்றாள் அவள். “வெளியில சொன்னா பாடம் பொய்யாப் போயிடுமாம்.”

“சீ” என்றார் தாய்.

எனக்கும் அதற்கு முன்னால் அந்த விவரம் தெரியாது. பெற்ற தாயிடம் பொய் சொல்லவும் பழக்கியிருக்கிறார் அந்த மனிதர். மூவரும் அதிபரிடம் போய் வீடியோவை நீக்கச் சொன்னோம். “இப்ப அதை எடுத்தா மேல இருக்கிறவை என்ன நினைப்பினம்?” என்றார் அதிபர். “அப்ப அதில எழுதுங்கோ, பிழை பாடச் சொன்னது நாங்கள் எண்டு” என்றார் தாய். அதிபர் மரியாதையாகச் சிரித்து, பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சில கிழமைகளில் சங்கீத ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். அந்த வீடியோவைத் திரையில் போட்டார்கள். காந்தாரம் வரும் இடத்தில் ஆலோசகர் படத்தை நிறுத்தினார். திரை முழுக்க அந்தப் பிள்ளையின் முகம், வாய் பாதி திறந்தபடி. அவர் கோலால் அவளுடைய வாயைத் தொட்டு, “மாணவர்கள் பொதுவா விடுகிற பிழை” என்று விளக்கத் தொடங்கினார். நான் எழும்பினேன்.

“அது அந்தப் பிள்ளையின்ர பிழை இல்லை. நீங்கள் பழக்கின பிழை. வகுப்பில அவளுக்குத்தான் காது நல்லம்.”

முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்து, “எல்லா மாதிரிப் பாடமும் அப்பிடித்தானே டீச்சர், அதில என்ன” என்றார். ஆலோசகர், “டீச்சர் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறா” என்றார்.

“சரி, அதை விடுங்கோ. நீங்கள் திருத்தின காந்தாரத்தை இப்ப போடுங்கோ. சுருதியோட சேத்துக் கேப்பம்.”

அவர் போடவில்லை. பின்னால் இருந்த யாரோ போனில் அந்த இடத்தைப் போட்டார்கள். நான் என் சுருதிப்பெட்டியை அந்தச் சுருதிக்கு வைத்தேன். அறையில் இருந்த எல்லோரும் பாட்டுப் படித்து, பாட்டில் பட்டம் எடுத்தவர்கள். அந்தக் காந்தாரம் கல்லில் பட்ட கோப்பைபோல ஒலித்தது எல்லோருக்கும் கேட்டது. சிலர் பேனை மூடியைக் கழற்றிப் பூட்டினார்கள். பிறகு பால்தேத்தண்ணி வந்தது, எல்லோரும் நிம்மதியாக எழும்பினார்கள். பாலாடை படிந்திருந்த என் கோப்பையை நான் தொடவில்லை.

கை கழுவுகிற இடத்தில், கட்டைபறிச்சான் பக்கத்தில் இருந்து வந்திருந்த ஒரு ஆசிரியை என் தோளைத் தொட்டு, “நீங்கள் சொன்னது சரி டீச்சர்” என்று காதுக்குள் சொன்னார்.

“உள்ளுக்குச் சொல்லியிருக்கலாமே.”

“எனக்கு இடமாற்றம் வர இருக்கு” என்றார். கையை உதறிவிட்டுப் போனார். அவருடைய கையில் இருந்த தண்ணீர் என் முகத்தில் தெறித்தது.

நான் பேசியதற்கும் ஒரு பலன் இருந்தது. வீடியோவைத் திருத்திப் புதிதாகப் போட்டார்கள். ஆலோசகர் காந்தாரம் பாடுகிற இடத்தை வெட்டியிருந்தார்கள். பிள்ளையின் பிழை அப்படியே இருந்தது. இப்போது அவள் பிழையாகப் பாடுகிறாள், உடனே எல்லோரும் கை தட்டுகிறார்கள். அவளுடைய பிழைக்கே கை தட்டுவது போல இருந்தது. அதைப் பார்த்த அன்று நான் வெட்கமில்லாமல் கெட்ட வார்த்தைகள் சிலவற்றை வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் ஆள் இல்லாதது நல்லதாகப் போய்விட்டது.

தாய் இந்த முறை தனியாக வந்தார். என்னிடம் வரவில்லை, நேரே அதிபரின் அறைக்குப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். நான் கேள்விப்பட்டுப் போனபோது அதிபர், “பிறகு வாங்கோ அம்மா, கூட்டம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“இருக்கட்டும். நான் இதில இருக்கிறன். அந்த வீடியோவை அங்கயிருந்து எடுத்துப்போட்டுக் காட்டுங்கோ, நான் போறன்.”

நானும் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அதிபர் என்னைப் பார்த்து, “டீச்சர், உங்களுக்கு வகுப்பு இல்லையோ?” என்றார். “இருக்கு சேர். பிள்ளையள் பாடிக்கொண்டு இருப்பினம்” என்றேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். தாய் அசையவில்லை, சத்தம் போடவும் இல்லை. கடைசியில் அதிபர் யாருக்கோ போன் எடுத்துத் தாழ்ந்த குரலில் கதைத்தார். வீடியோ பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தில் இருந்து போனது. தாய் தன் போனில் தேடிப் பார்த்து, எனக்கும் காட்டி, எழும்பினார். பொடியன்களின் போன்களில் அது இன்னும் இருக்கிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ஆலோசகர் இப்போதும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். மாடிக்கு ஏறுவதில்லை. கீழே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். வாசலில் கண்டால் “எப்பிடி டீச்சர்?” என்று கேட்பார், நான் மாடிப்படி ஏறிவிடுவேன்.

பிள்ளையின் காந்தாரத்தை நானும் அவளும் சேர்ந்து திரும்பக் கொண்டுவந்தோம். இடைவேளையில் வருவாள். பலகையில் ஒன்றும் எழுதாமல், சுருதியைப் போட்டுவிட்டு ஸ-வையும் க-வையும் மட்டும் நீளமாகப் பிடிப்போம். கொஞ்சக் காலம் எடுத்தது. ஆனால் வகுப்பில் தனியாகப் பாட அவள் எழும்பவே இல்லை. கோலை அவள் பக்கம் நீட்டினால் தலையைக் குனிந்துகொள்வாள். நான் வற்புறுத்தவில்லை. இந்த வருடம் தொடங்கியபோது சித்திரப் பாடத்துக்கு மாறிவிட்டாள்.

போன மாதம் பஸ் நிலையத்தில் தாயைக் கண்டேன். தைப்பதற்கு வாங்கிய துணிகள் அடைத்த பையோடு சாம்பல்தீவு பஸ்ஸுக்கு நின்றார். மகளை ஒரு தடவை என்னிடம் அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தபடி, எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“வீட்டில பாடுறாள் டீச்சர்” என்றார். “எங்களுக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

பஸ் வந்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.